படம் வரைந்தால் போதுமா?



கோவையிலிருந்து திருச்சி சாலை வழியாகக் கிழக்கே சென்றால் சிங்காநல்லூர் வருகிறது. நூற்பாலைகளும், அவற்றை ஒட்டி வளர்ந்த பட்டறைகளும் இந்த வட்டாரத்துக்குப் பெயர் தேடித் தந்தவை. 1932ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் கோவைப் பகுதியில் ஆலைகள் பெருகின. ஆலைகள் பெருகியதும் மோட்டாருக்குத் தேவை பெருகியது. இந்தியாவிலேயே உருவான முதல் மின் மோட்டார் என்று போற்றப்படும் மோட்டாரை 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இங்கேதான் செய்து காட்டினார்கள். அந்நாளைய ஆலைகளில் பல இன்று மூடப்பட்டுவிட்டன. ஆனால் பம்பு, மோட்டார், வார்ப்படம், உதிரிப் பாகம் என்று பட்டறைத் தொழில் கோவை எங்கும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. உங்களில் பலர் படிப்பு முடிந்ததும் இத்தொழில்களுக்குள் நுழையப் போகிறவர்கள்.

இன்று இந்த எந்திரங்களை இயக்குவது பெரும்பாலும் கணிப்பொறி. கணிப்பொறி என்றால் மேசைமேல் திரையும் விசைப்பலகையுமாக இருப்பது மட்டுமன்று. எந்திரத்துக்குப் பக்கத்தில் உள்ள இரும்புப் பெட்டிக்குள் கையகல அளவில் உட்கார்ந்திருக்கும் பி.எல்.சி.யும் ஒரு கணிப்பொறியே. அதற்கு 'இதைச் செய்தபின் அதைச் செய்' என்று கட்டளை கொடுக்க வேண்டும். அந்தக் கட்டளைத் தொடரைத்தான் நிரல் என்கிறோம்.

நிரலை எழுத்தாலும் எழுதலாம், படமாகவும் வரையலாம். பெட்டிகளை வைத்து, கோடுகளால் இணைத்தால் அதுவே நிரலாகிவிடும்படி பல கருவிகள் வந்துள்ளன. 'எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, படம் வரைந்தால் போதும்' என்று இவற்றை விற்பவர்கள் சொல்கிறார்கள். பள்ளியிலும் இவ்வகை ஒன்றை நீங்கள் பார்த்திருக்கக் கூடும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வுக்கூடம் 2007இல் வெளியிட்ட 'ஸ்கிராட்ச்' பற்றி, 2019இல் வந்த நமது பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலிலும் சொல்லப்பட்டிருந்தது. வண்ணக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் திரையில் பூனை நடக்கும்!

படத்தால் நிரல் அமைப்பது நல்ல தொடக்கம். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பெரிய, சிக்கலான பொறியியல் வேலைக்குப் படம் மட்டும் போதாது என்பதே என் கருத்து. ஏன் போதாது என்பதை ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஏணிப் படம்

முதலில் படத்தின் சிறப்பைப் பார்த்துவிடுவோம். தோட்டத்துக் கிணற்றுப் பம்பின் ஸ்டார்ட்டரை நீங்கள் இயக்கியிருப்பீர்கள். பச்சைப் பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓடுகிறது. கையை எடுத்த பின்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது. இது எப்படி?

பொத்தானை அழுத்தியதும் உள்ளே இருக்கும் காண்டாக்டரின் கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்கிறது. சுருள் காந்தமாகி, மோட்டாருக்குச் செல்லும் தொடர்புகளை இழுத்து மூடுகிறது. அவற்றோடு ஒரு சிறிய துணைத் தொடர்பும் சேர்ந்து மூடிக்கொள்கிறது. இந்தத் துணைத் தொடர்பு பச்சைப் பொத்தானுக்குப் பக்க இணைப்பாக இருப்பதால், பொத்தானை விட்ட பிறகும் சுருளுக்கு மின்சாரம் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. சிவப்புப் பொத்தானை அழுத்தினாலோ, மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்து ஓவர்லோடு ரிலே விழுந்தாலோ, தொடர் அறுந்து மோட்டார் நிற்கிறது.

இதைப் படமாக வரையும்போது இருபுறமும் இரண்டு நெடுங்கோடுகள் போடுவார்கள். அவற்றுக்கு இடையே குறுக்குக் கோடுகளில் பொத்தான்களும் சுருள்களும் இருக்கும். பார்ப்பதற்கு ஏணி போல இருப்பதால் இதற்கு ஏணிப் படம் என்று பெயர்.

1960களில் மோட்டார் வாகன ஆலைகளில் இப்படிப்பட்ட ரிலேக்கள் சுவர் நெடுகிலும் நிறைந்திருந்தன. கார் மாடல் மாறும்போதெல்லாம் அவற்றின் வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தது. இதற்கு ஒரு மாற்று வேண்டும் என்று 1968இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் கேட்டது. டிக் மோர்லியும் அவருடைய தோழர்களும் உருவாக்கிய 'மோடிகான் 084' 1969இல் வந்தது. வயரிங்கை மாற்றாமல் நிரலை மட்டும் மாற்றினால் போதும் என்ற நிலையை அது ஏற்படுத்தியது. அந்த நிரலையும் எலக்ட்ரீசியன்களுக்குப் பழகிப்போன ஏணிப் படமாகவே வரையும்படி செய்தார்கள். இது மிகவும் புத்திசாலித்தனமான ஏற்பாடு. நள்ளிரவில் எந்திரம் நின்றுவிட்டால், கணிப்பொறி படிக்காத எலக்ட்ரீசியனும் திரையைப் பார்த்து, 'இந்தத் தொடர்பு மூடவில்லை, அதனால்தான் ஓடவில்லை' என்று கண்டுபிடிக்க முடிந்தது.

மேலே சொன்ன ஸ்டார்ட்டரை எழுத்தாலும் எழுதிப் பார்ப்போம்.

மோட்டார் = (பச்சை அல்லது மோட்டார்) மற்றும் (சிவப்பு அழுத்தப்படவில்லை) மற்றும் (ஓவர்லோடு விழவில்லை)

படம் ஒரு படி. எழுத்து ஒரு வரி. இந்த அளவுக்கு இரண்டும் சமமே. சொல்லப்போனால் படமே சற்று எளிது. சிக்கல் எல்லாம் வேலை வளரும்போதுதான் தொடங்குகிறது.

கோடுகளின் கணக்கு

ஒரு நூற்பாலையை எண்ணிப் பாருங்கள். பஞ்சுப் பொதியைப் பிரித்து, உதறி, தூசி நீக்கி அனுப்பும் புளோரூம் வரிசையில் பல எந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். இவற்றைத் தொடங்கும்போது கடைசி எந்திரத்தை முதலில் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் முன்னால் இருப்பது அனுப்பும் பஞ்சு பின்னால் சென்று அடைத்துக்கொள்ளும். பின்னால் பஞ்சு நிறைந்துவிட்டால் முன்னால் உள்ளது நிற்க வேண்டும். எந்த எந்திரத்தின் கதவு திறந்தாலும் அது ஓடக் கூடாது. தீப்பொறி கண்டால் வரிசையே நிற்க வேண்டும். இப்படி ஒவ்வொரு நிபந்தனையும் ஏணியில் ஒரு படி. படிகள் நூற்றுக்கணக்கில் பெருகும். திரையிலோ ஒரு நேரத்தில் சில படிகளே தெரியும். மற்றவற்றை நினைவில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

பெட்டிகளைக் கம்பிபோன்ற கோடுகளால் இணைக்கும் கருவிகளில் இன்னொரு தொல்லை சேருகிறது. 1986இல் வந்த 'லேப்வியூ' இவ்வகையைச் சேர்ந்தது. இங்கே கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும்.

இதற்கு ஒரு பழைய புதிர் உண்டு. மூன்று வீடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் சிறுவாணித் தண்ணீர், மின்சாரம், தொலைபேசி ஆகிய மூன்றும் வர வேண்டும். தண்ணீர்த் தொட்டி, மின் கம்பம், தொலைபேசிக் கம்பம் ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் மூன்று வீடுகளுக்கும், மொத்தம் 9 கோடுகள் வரைய வேண்டும். ஒரு கோடும் இன்னொன்றை வெட்டக் கூடாது. தாளை எடுத்து முயன்று பாருங்கள். 8 கோடுகள் வரை வந்துவிடும். ஒன்பதாவது வராது. உங்கள் திறமைக் குறைவு அன்று. தட்டையான தாளில் அது முடியவே முடியாது என்பது கணிதத்தில் நிறுவப்பட்ட உண்மை.

பொதுவான விதியும் உண்டு. மூன்றோ அதற்கு மேலோ புள்ளிகள் இருந்தால், கோடுகள் வெட்டிக்கொள்ளாமல் வரையக்கூடிய கோடுகளின் எண்ணிக்கை 3 × புள்ளிகள் – 6 என்ற அளவைத் தாண்டாது. 10 பெட்டிகள் என்றால் மிகுதியாக 24 கோடுகள். ஆனால் 10 பெட்டிகளில் ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் இணைக்க 45 கோடுகள் தேவை. 100 பெட்டிகளுக்கு வெட்டாமல் வரையக்கூடியவை 294. எல்லாவற்றையும் இணைக்க வேண்டுமானால் 4,950! உண்மையான எந்திரத்தில் எல்லாப் பெட்டியும் எல்லாவற்றோடும் இணைவதில்லை என்பது சரிதான். ஆயினும் பெட்டிகள் பெருகப் பெருகச் சிக்கல் எந்தத் திசையில் போகும் என்பது இதிலிருந்து விளங்கும். இப்படிச் சிக்கிக்கொண்ட நிரலை மேல்நாட்டார் 'ஸ்பாகெட்டி' என்கிறார்கள். நாம் சந்தகை பிழிந்ததுபோல் இருக்கிறது என்று சொல்லலாம்.

'கோட்டை நீட்டாமல், இங்கே ஒரு பெயரும் அங்கே அதே பெயரும் எழுதிவிட்டால் போகிறது' என்று நீங்கள் சொல்லக் கூடும். சரியான யோசனை. அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் பெயர் எழுதத் தொடங்கியபோதே நாம் எழுத்தின் துணையை நாடிவிட்டோம் அல்லவா?

படம் மறைக்கும் செய்தி

அடுத்த குறை இன்னும் கவனிக்க வேண்டியது. படம் சில நேரங்களில் நம்மை ஏமாற்றிவிடும்.

உண்மையான ரிலே வயரிங்கில் எல்லா வழிகளிலும் மின்சாரம் ஒரே நேரத்தில் பாயும். ஒரு விசிறிக்கு இரண்டு வழிகளில் இணைப்புக் கொடுத்தால், எந்த வழி மூடினாலும் விசிறி ஓடும். பி.எல்.சி. அப்படி வேலை செய்வதில்லை. அது முதலில் பொத்தான்களின் நிலையைப் படிக்கிறது. பிறகு ஏணியின் முதற்படியிலிருந்து கடைசிப் படி வரை ஒவ்வொன்றாகக் கணக்கிடுகிறது. முடிவில் மோட்டார்களுக்குக் கட்டளை அனுப்புகிறது. பிறகு மறுபடியும் முதலிலிருந்து. ஒரு சுற்று சில மில்லிநொடிகளில் முடிந்துவிடுவதால் எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பதுபோல் நமக்குத் தோன்றுகிறது.

இப்போது ஒருவர் 40ஆம் படியில், 'கதவு மூடியிருந்தால் மட்டும் மோட்டார் ஓடலாம்' என்று வரைந்திருக்கிறார். ஓராண்டு கழித்து வேறொருவர் வேறொரு தேவைக்காக 290ஆம் படியில் அதே மோட்டாரை மறுபடியும் வரைகிறார். கதவு நிபந்தனையைச் சேர்க்க மறந்துவிடுகிறார். என்ன ஆகும்? கீழே உள்ள படி கடைசியில் கணக்கிடப்படுவதால் அதன் விடையே நிற்கும். 40ஆம் படி சொன்னது அழிந்துபோகும். கதவு திறந்திருக்கும்போதும் மோட்டார் ஓடக்கூடும். உள்ளே பஞ்சு அடைப்பை எடுக்க ஒருவர் கை விட்டிருந்தால்? அதனால்தான் ஒரு நிரலைச் சரிபார்ப்பது என்பது வெறும் அழகு பார்க்கும் வேலை அன்று. ஒருவருடைய விரலையும் உயிரையும் காக்கும் வேலை.

எழுத்து நிரலிலும் இதே தவறு நேரலாம். ஆனால் எழுத்தைப் படிப்பவர் அது வரிக்கு வரி நடக்கிறது என்று எதிர்பார்த்தே படிக்கிறார். ஏணிப் படமோ பழைய வயரிங்கைப் போலவே காட்சி தருவதால், பழைய வயரிங்கைப் போலவே நடக்கும் என்று நம்பவைக்கிறது. பழகிய உருவமே இங்கே பகையாகிறது. பல மென்பொருள்கள் இத்தவறைக் கண்டு எச்சரிக்கை செய்கின்றன. எச்சரிக்கையைப் பார்க்காமல் தள்ளிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்!

ஒன்றைப் பலமுறை சொல்வது

மூன்றாவது குறையை விளக்க, எண்களைக் கூட்டும் மின்சுற்றை எடுத்துக்கொள்வோம். கணிப்பொறிக்குள் எண்கள் 0, 1 என்ற இரண்டு இலக்கங்களாலேயே குறிக்கப்படுகின்றன. ஓர் இலக்கத்தைக் கூட்டி, மீதியை அடுத்த இடத்துக்கு அனுப்ப 5 வாயில்கள் கொண்ட சுற்றுப் போதும். வாயில் என்பது 'மற்றும்', 'அல்லது' போன்ற ஒரு சிறு முடிவை எடுக்கும் உறுப்பு. 8 இலக்கங்களுக்கு 40 வாயில்கள். 64 இலக்கங்களுக்கு 320 வாயில்கள். இதைப் படமாக வரைவதானால் ஒரே படத்தை 64 முறை ஒட்டி, நடுவே இணைக்க வேண்டும். எழுத்திலோ, 'விடை = அ + ஆ; இலக்கங்கள் 64' என்று எழுதிவிடலாம். நாளைக்கு 128 வேண்டுமென்றால் ஒரே ஓர் எண்ணை மாற்றினால் போதும்.

சில்லுகளின் வரலாறு இதை நன்கு மெய்ப்பிக்கிறது. 1971இல் வந்த இன்டெல் 4004 என்ற நுண்செயலியில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. அதன் படங்களைப் பொறியாளர்கள் கையாலேயே வரைந்தார்கள். பின்னர் கணிப்பொறித் திரையில் வரையத் தொடங்கினார்கள். டிரான்சிஸ்டர்கள் இலட்சக்கணக்கில் பெருகியபோது வரைவது கட்டுப்படி ஆகவில்லை. 1980களில் வெரிலாக், வி.எச்.டி.எல். என்ற எழுத்து மொழிகள் தோன்றின. வி.எச்.டி.எல். 1987இல் தரநிலையாக ஏற்கப்பட்டது. சுற்று எப்படி நடக்க வேண்டும் என்று பொறியாளர் எழுதுவார். வாயில்களைத் தேர்ந்து இணைக்கும் வேலையை மென்பொருள் செய்யும். 2020இல் வந்த ஆப்பிள் எம்1 சில்லில் 1,600 கோடி டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. அதை ஒரு மனிதன் கோடு கோடாக வரைவதென்றால் எத்தனை பிறவி வேண்டும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்!

நம் நாட்டிலும் சான்று உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் வி. காமகோடி தலைமையில் 'சக்தி' என்ற நுண்செயலிகளை உருவாக்கினார்கள். 2018இல் அவற்றில் ஒன்று அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் வார்க்கப்பட்டது. மற்றொன்று சண்டிகரை அடுத்த மொகாலியில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வுக்கூடத்தில் வார்க்கப்பட்டது. சக்தியின் வடிவமைப்பு 'புளூஸ்பெக்' என்னும் எழுத்து மொழியில் எழுதப்பட்டது. அதை எல்லோரும் படிக்கும்படி திறந்தும் வைத்திருக்கிறார்கள். சிங்காநல்லூரில் இருக்கும் ஒரு மாணவரும் இணையத்தில் அதை எடுத்து வரி வரியாகப் படிக்கலாம்.

எங்கே மாறியது?

சக்தி போன்ற பெரிய வேலையைத் தனியொருவர் செய்வதில்லை. பலர் சேர்ந்து, பல ஆண்டுகள் செய்கிறார்கள். அப்போது அடிக்கடி எழும் கேள்வி: 'நேற்றைய நிரலுக்கும் இன்றைய நிரலுக்கும் என்ன வேறுபாடு?'

எழுத்தாக இருந்தால் இதற்கு விடை எளிது. 1974இலேயே பெல் ஆய்வுக்கூடத்தின் யூனிக்ஸ் அமைப்பில் 'டிஃப்' என்ற மென்பொருள் வந்துவிட்டது. இரண்டு எழுத்துக் கோப்புகளைக் கொடுத்தால் எந்தெந்த வரி மாறியது என்று காட்டிவிடும். படத்தில் ஒரு பெட்டியைச் சற்றே வலப்பக்கம் நகர்த்தினால் அதுவும் மாற்றமே. ஒரு முக்கியமான இணைப்பை அறுத்தால் அதுவும் மாற்றமே. எது பொருளுள்ள மாற்றம், எது வெறும் இடமாற்றம் என்று பிரித்தறிவது கடினம். படங்களை ஒப்பிடும் கருவிகளும் இப்போது வந்திருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தின் மென்பொருளுக்கு மட்டுமே உரியவை.

இதிலிருந்து இன்னொரு குறையும் பிறக்கிறது. படமாக வரைந்த நிரலைத் திறக்க, அதை வரைந்த மென்பொருளே பெரும்பாலும் தேவைப்படுகிறது. ஒரு சிறு பட்டறைக்காரர் ஓர் எந்திரம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து ஆண்டுகள் ஓடுகிறது. அதற்குள் நிரலை வரைந்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். மென்பொருளின் அந்தப் பதிப்பு புதிய கணிப்பொறியில் ஏறவில்லை. எந்திரத்தின் இரும்பு நன்றாக இருக்கிறது. மோட்டார் நன்றாக இருக்கிறது. ஆனால் அதன் அறிவைத் திறந்து பார்க்க வழியில்லை. எழுத்தாகச் சேமித்திருந்தால், எந்தக் கணிப்பொறியிலும் குறைந்தது படித்தாவது பார்க்கலாம். தாளில் அச்சிட்டுக்கூட வைத்திருக்கலாம்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

'ஒரு படம் ஆயிரம் சொற்களுக்குச் சமம் என்பார்களே! அது பொய்யா?' என்று நீங்கள் கேட்கலாம். இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் கிரீன், மரியன் பெட்ரே என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1990களின் தொடக்கத்தில் லேப்வியூ படங்களையும் எழுத்து நிரல்களையும் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். படித்தவர்களில் அனுபவம் மிக்கவர்களும் இருந்தார்கள். படத்தைப் புரிந்துகொள்ளவே அதிக நேரம் பிடித்தது.

காரணம் என்ன? எழுத்தைப் படிக்க ஓர் ஒழுங்கு இருக்கிறது. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். படத்தில் எங்கே தொடங்குவது, எந்தக் கோட்டைப் பின்பற்றுவது என்று கண் தேடிக்கொண்டே இருக்கும். தேர்ந்த பொறியாளர் பெட்டிகளை முறையாக அடுக்கி வைப்பார். உறவுள்ளவை அருகருகே இருக்கும். கோடுகள் நேராக ஓடும். புதியவர் வரைந்தால் அந்த ஒழுங்கு வராது. ஆகவே படம் புதியவர்களுக்கு எளிது என்ற பேச்சும் பாதிதான் உண்மை. வரைவது எளிது, பிறர் படிக்கும்படி வரைவது எளிதன்று.

கணிப்பொறி அறிஞர் ஃபிரெட் புரூக்ஸ் 1986இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலும் இதே ஐயத்தைத் தெரிவித்தார். ஒரு கட்டடத்துக்கு வரைபடம் போட முடிகிறது. ஏனென்றால் கட்டடம் இடத்தை அடைக்கும் பொருள். நிரல் அப்படி இடத்தில் அமைந்த பொருள் அன்று; ஆகவே அதற்கு இயல்பான ஒரே வரைபடம் கிடையாது என்பது அவர் வாதம்.

மறுபக்கமும் உண்டு

நான் படங்களுக்கு எதிரி அல்லன். எழுத்திலும் சந்தகை உண்டு. 1968இல் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சு அறிஞர், நினைத்த இடத்துக்கெல்லாம் தாவும் 'கோ டு' கட்டளையைக் கண்டித்து எழுதியது எழுத்து நிரல்களின் சிக்கலைப் பார்த்துத்தான். எழுத்து நிரலில் ஓர் எழுத்து விட்டுப்போனாலும் கணிப்பொறி மறுத்துவிடும். தொடக்க மாணவர்கள் இதனாலேயே சோர்ந்துபோவார்கள். ஸ்கிராட்சில் பொருந்தாத கட்டை ஒட்டவே ஒட்டாது. இது பெரிய உதவி.

மோட்டார் வாகனம், வானூர்தி ஆகிய தொழில்களில் 'சிமுலிங்க்' போன்ற படக்கருவிகளால் பெரிய வேலைகளையும் செய்கிறார்கள். கணித முறையில் ஓர் அமைப்பு எப்படி நடக்கும் என்று முன்கூட்டியே ஓட்டிப் பார்க்க அவை மிகவும் பயன்படுகின்றன. ஆனால் அங்கேயும், பெட்டியை எப்படி வைப்பது, கோட்டை எப்படி இழுப்பது, பெயரை எப்படி எழுதுவது என்று தனி விதிநூலே வைத்திருக்கிறார்கள். கட்டுப்பாடு இல்லாவிட்டால் படம் கைமீறும் என்பதை அவர்களே அறிந்திருக்கிறார்கள்.

பி.எல்.சி.க்கான உலகத் தரநிலை ஐ.இ.சி. 61131-3 முதன்முதல் 1993இல் வந்தது. அதில் ஐந்து மொழிகள் இடம்பெற்றன. மூன்று படமொழிகள், இரண்டு எழுத்துமொழிகள். ஒரே நிரலின் ஒரு பகுதியைப் படமாகவும் மறு பகுதியை எழுத்தாகவும் அமைக்கவும் வழி செய்தார்கள். எது எதற்குப் பொருத்தமோ அதை அதற்கு வைத்துக்கொள் என்பதே இதன் கருத்து. பொத்தான், கதவு, மோட்டார் ஆகியவற்றின் எளிய நிபந்தனைகளுக்கு ஏணிப் படம் நல்லது. கணக்கீடு, திரும்பத் திரும்பச் செய்யும் வேலை, நூற்றுக்கணக்கான அளவுகளைக் கையாளுதல் ஆகியவற்றுக்கு எழுத்தே நல்லது.

கோலம் கற்பிக்கும் பாடம்

படமும் எழுத்தும் பகைவர்கள் அல்லர் என்பதற்கு நம் வீட்டு வாசலிலேயே சான்று இருக்கிறது. புள்ளிக் கோலம் முழுக்க முழுக்கப் படம்தானே? தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1970களில் கோலங்களை ஆராய்ந்தார்கள். ஒரு வகைக் கோலத்தைச் சில எழுத்து விதிகளாக எழுதிவிடலாம் என்று காட்டினார்கள். விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் சிறிய கோலமும் வரும். அதே குடும்பத்தைச் சேர்ந்த பெரிய கோலமும் வரும். கணிப்பொறி அறிவியலில் இந்த ஆராய்ச்சிக்கு உலக அளவில் மதிப்பு உண்டு.

இதன் பொருளைக் கவனியுங்கள். ஒரு கோலத்தின் படம் அந்த ஒரு கோலத்தை மட்டுமே காட்டுகிறது. எழுதிய விதியோ அந்தக் குடும்பத்தின் எல்லாக் கோலங்களையும் காட்டுகிறது. பொறியியல் வேலை வளரும்போது நமக்குத் தேவைப்படுவது இப்படிப்பட்ட விதிதான்.

நீங்கள் செய்து பாருங்கள்

என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு சோதனை செய்து பாருங்கள்.

உங்கள் வீட்டில் கீழே ஒரு தொட்டியும் மாடிமேல் ஒரு தொட்டியும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேல்தொட்டி குறைந்து, கீழ்த்தொட்டியில் தண்ணீர் இருந்தால் மோட்டார் ஓட வேண்டும். மேல்தொட்டி நிறைந்தாலோ, கீழ்த்தொட்டி வற்றினாலோ நிற்க வேண்டும். இதை ஏணிப் படமாக வரையுங்கள். பிறகு 'மற்றும்', 'அல்லது', 'இல்லை' என்ற சொற்களை மட்டும் வைத்து எழுத்தாகவும் எழுதுங்கள். இரண்டும் எளிதாகவே இருக்கும்.

அடுத்து, ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு இதையே விரியுங்கள். மேல்தொட்டி எட்டு, கீழ்த்தொட்டி இரண்டு, மோட்டார் மூன்று. ஒரு மோட்டார் பழுதானால் மற்றொன்று தானாக ஓட வேண்டும். மின்சாரம் போய் வந்தால் மூன்றும் ஒன்றாகக் கிளம்பக் கூடாது. இதையும் இரண்டு வழிகளிலும் செய்யுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு தவறை வேண்டுமென்றே நுழைத்து உங்கள் நண்பரிடம் கொடுங்கள். எதில் தவறை முதலில் கண்டுபிடிக்கிறார் என்று கடிகாரத்தை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நண்பர்களிடம் செய்து பார்த்தால் முடிவு இன்னும் தெளிவாகும்.

ஸ்கிராட்சில் பூனையை நடக்கவிட்டவர்கள் அதோடு நின்றுவிடாதீர்கள். அடுத்த விடுமுறையில் பைத்தான் போன்ற ஓர் எழுத்து மொழியைத் தொடங்குங்கள். முதல் வாரம் காற்புள்ளியும் அடைப்புக்குறியும் தொல்லை கொடுக்கும், பிறகு பழகிவிடும். படம் வரைவதையும் விட்டுவிடாதீர்கள். எந்த வேலையையும் தொடங்குமுன் ஒரு தாளில் பெட்டியும் கோடுமாக வரைந்து, முழு அமைப்பையும் ஒரு பார்வையில் பார்த்துக்கொள்ளுங்கள். நுட்பமான பகுதிகளை எழுத்தில் எழுதுங்கள்.

நீங்கள் அமைக்கும் நிரலை நாளை வேறொருவர் படித்துத் திருத்துவார். அதை நம்பித்தான் ஒரு தொழிலாளி எந்திரத்துக்குள் கை வைப்பார். ஆகவே, 'எனக்கு வரைய எளிதாக இருக்கிறதா?' என்று மட்டும் கேளாதீர்கள். 'எனக்குப் பின்னால் வருகிறவர் படித்துச் சரிபார்க்க முடியுமா?' என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஆம் என்று விடை தரும் வழி எதுவோ, அதுவே அந்த வேலைக்கு ஏற்ற வழி.